மூன்று இடத்தில் மூன்று அளவு: பிள்ளையின் கால் நீள வித்தியாசத்தில் எதை நம்புவது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கல்லிடைக்குறிச்சியில் இருக்கிறீர்கள். மகளுக்கு இப்போது 11 வயது. எட்டு வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து, இடது தொடை எலும்பு முட்டிக்குச் சற்று மேலே முறிந்து, மாவுக்கட்டு போட்டுக் கூடிவிட்டது. ஒரு வருஷமாகப் பிள்ளை லேசாக விந்தி நடக்கிறாள். பிசியோதெரபி பார்க்கிறவர் டேப் வைத்து அளந்து, இடது கால் 1.5 சென்டிமீட்டர் குறைவு என்றார். அம்பாசமுத்திரத்தில் எடுத்த எக்ஸ்ரேயில் 2.6 என்று வந்தது. பாளையங்கோட்டையில் சிடி ஸ்கேனோகிராம் எடுத்தபோது 1.9. மூன்றும் ஒரே மாதத்துக்குள். எது சரி, இன்னொரு ஸ்கேன் எடுத்தால் தெளிவாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் "இது இன்னும் கூடுமா" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான் முக்கியமான கேள்வி என்று எனக்குப் படுகிறது. இரண்டுக்கும் சொல்கிறேன்.

நான் டாக்டர் இல்லை. எக்ஸ்ரேயும் சிடியும் எடுக்கிற வேலையில் திருநெல்வேலி, தென்காசி பக்கம் 26 வருஷம் இருந்தவன். கால் நீளப் படங்கள் நிறைய எடுத்திருக்கிறேன், எலும்பு டாக்டர்களோடு உட்கார்ந்து அளந்தும் இருக்கிறேன். அதனால் அளவு எங்கே பிசகும் என்பதை உறுதியாகச் சொல்ல முடியும். உங்கள் பிள்ளையின் படங்களை நான் பார்க்கவில்லை. என்ன சிகிச்சை என்பதைப் படத்தையும் பிள்ளையையும் சேர்த்துப் பார்க்கிற டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

டேப் அளவிலிருந்து தொடங்குகிறேன். இடுப்பின் முன்பக்கம் கைக்குத் தட்டுப்படும் எலும்பு முனையிலிருந்து கணுக்காலின் உட்பக்க முண்டு வரை டேப் பிடிப்பார்கள். அந்த இரண்டு முனைகளும் ஊசிமுனை மாதிரி இருப்பதில்லை, விரல் அகலத்துக்கு உருண்டை. விரலை அரை சென்டிமீட்டர் தள்ளி வைத்தால் அளவும் அரை சென்டிமீட்டர் தள்ளிப்போகும். கட்டுப் போட்டு இளைத்த தொடைக்கும் நல்ல தொடைக்கும் சுற்றளவு வேறு, டேப் படிகிற விதமும் வேறு. நல்ல கைப்பழக்கம் உள்ளவர் அளந்தாலும் ஒரு சென்டிமீட்டர் முன்பின் போகலாம். ஆகவே உங்கள் 1.5 என்பதை "கால் குறைவாகத்தான் இருக்கிறது" என்ற சாட்சியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிசியோதெரபிஸ்டின் மேல் குறை ஒன்றும் இல்லை, கருவியின் எல்லை அவ்வளவுதான்.

எக்ஸ்ரேயில் எலும்பு கண்ணுக்குத் தெரிகிறது, அப்புறம் ஏன் பிசகுகிறது? விளக்குக்கு முன்னால் கையைக் காட்டினால் சுவரில் நிழல் கையைவிடப் பெரிதாக விழுகிறது அல்லவா, அதே கதைதான். எக்ஸ்ரே ஒரு புள்ளியிலிருந்து விரிந்து வருகிறது. எலும்புக்கும், படம் விழுகிற பிளேட்டுக்கும் இடையே இடைவெளி இருக்கிறது. படம் எப்போதும் கொஞ்சம் பெரிதாகவே விழும். கதிர் வருகிற குழாயைத் தள்ளி வைத்து எடுத்தால் குறையும், கிட்டத்தில் வைத்தால் கூடும். அதனால்தான் காலுக்குப் பக்கத்தில் ஓர் ஈய அளவுகோலையோ, அளவு தெரிந்த உலோக உருண்டையையோ வைத்து எடுப்பார்கள். அந்த உருண்டை 25 மில்லிமீட்டர் என்று தெரிந்து, படத்தில் 27 என்று வந்தால் எவ்வளவு பெரிதாகியிருக்கிறது என்று கணக்குப் போட்டுக் கழித்துவிடலாம். உங்கள் படத்தில் அப்படி ஏதாவது தெரிகிறதா என்று பாருங்கள்.

ஆனால் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். படம் பெரிதானால் இரண்டு காலும் சேர்ந்தேதான் பெரிதாகும். முழுக் காலின் நீளத்தில் பல சென்டிமீட்டர் கூடினாலும், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் அதே சதவீதம்தான் கூடும். 1.9 சென்டிமீட்டர் வித்தியாசம் பத்து சதவீதம் பெரிதானால் 2.1 ஆகும், அவ்வளவுதான். 2.6 ஆகாது. ஆகவே உங்களுடைய இரண்டு படங்களுக்கும் நடுவே உள்ள 7 மில்லிமீட்டருக்கு இது மட்டும் காரணமாக இருக்க முடியாது. வேறொன்று இருக்க வேண்டும்.

என் சந்தேகம் முழங்கால் மேல். முட்டிப் பக்கம் முறிந்து கட்டுப் போட்ட பிள்ளைகளுக்கு முழங்கால் கடைசி சில டிகிரி நீளாமல் நிற்பது உண்டு. பார்க்க நேராக இருப்பது போலவே இருக்கும். மடங்கிய காலை முன்னிருந்து படம் எடுத்தால் எலும்பு குட்டையாகத் தெரியும், சாய்த்து வைத்த ஏணி சுவரில் குறைந்த உயரத்தைத் தொடுகிற மாதிரி. அந்த வயதுப் பிள்ளைக்குத் தொடை எலும்பு 37 சென்டிமீட்டர், கீழ்க்கால் எலும்பு 30 சென்டிமீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முழங்கால் 10 டிகிரி மடங்கியிருந்தால் இரண்டரை மில்லிமீட்டர்தான் குறையும். 20 டிகிரி மடங்கினால் ஒரு சென்டிமீட்டரே குறைந்துவிடும். எலும்பில் ஒரு மில்லிமீட்டர் கூட மாறியிருக்காது. நின்றுகொண்டு எடுக்கும்போது பிள்ளை வலிக்குப் பயந்து இடது முழங்காலைத் தளர்த்தி நின்றிருந்தால் 1.9 சுலபமாக 2.6 ஆகியிருக்கும். இது என் ஊகம், படம் பார்க்காமல் அறுதியிட்டுச் சொல்லமாட்டேன். சோதிப்பது எளிது. பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைத்து இரண்டு முழங்காலும் தரையில் ஒரே மாதிரி படிகிறதா என்று பிசியோதெரபிஸ்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொரு வாய்ப்பும் உண்டு. நம் பக்கத்துச் சிறிய மையங்களில் முழுக் காலையும் ஒரே படத்தில் பிடிக்கிற நீளப் பிளேட் இருக்காது. 14க்கு 17 அங்குலப் பிளேட்டில் இடுப்பு, முட்டி, கணுக்கால் என்று மூன்று தடவை எடுத்துச் சேர்ப்பார்கள். இந்த முறைக்கு ஒரு நன்மை இருக்கிறது. ஒவ்வொரு மூட்டுக்கும் நேர் எதிரே குழாயை வைத்து எடுப்பதால் கதிர் சாய்ந்து விழுவதில்லை. ஆனால் மூன்று தடவைக்கும் நடுவில் பிள்ளை அசையக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பையனுக்கு இப்படி எடுத்தேன். இரண்டாவது படத்துக்கும் மூன்றாவது படத்துக்கும் இடையில் அவன் அம்மாவைப் பார்க்கத் திரும்பியிருக்கிறான், நான் கவனிக்கவில்லை. மூன்று சென்டிமீட்டர் வித்தியாசம் என்று அளவு போனது. அந்தக் குடும்பம் ஆபரேஷனுக்குப் பணம் புரட்ட ஆரம்பித்துவிட்டது. டாக்டருக்குச் சந்தேகம் வந்து திரும்ப எடுக்கச் சொன்னார். 1.2 தான் இருந்தது. அவர்கள் ஒரு வார்த்தை கோபிக்கவில்லை, ஆனால் பத்து நாள் அவர்கள் தூங்காமல் இருந்ததற்கு என் கவனக்குறைவுதான் காரணம். அதற்குப் பிறகு முழங்கால் சில்லு இரண்டும் நேராக மேலே பார்க்கிறதா என்று விரல் வைத்துப் பார்க்காமல் நான் பொத்தானை அழுத்தியதில்லை. பாதம் நேராக இருப்பது போதாது, சில்லுதான் கணக்கு.

சிடி ஸ்கேனோகிராம் என்பது முழு சிடி ஸ்கேன் அல்ல. சிடி எடுப்பதற்கு முன் எங்கே தொடங்கி எங்கே முடிக்க என்று பார்க்க ஒரு வழிகாட்டிப் படம் எடுப்போம், மேசை நகர நகர ஒரு மெல்லிய பட்டையாகக் கதிர் விழும். அதையே இடுப்பிலிருந்து கணுக்கால் வரை எடுத்து அளப்பதுதான் இது. மேலிருந்து கீழாக அளக்கும்போது நிழல் நீளுகிற குறை இதில் அநேகமாக இல்லை. சில நொடிகளில் முடிந்துவிடும், கதிர்வீச்சும் சாதாரண எக்ஸ்ரே வரிசையைவிடப் பெரும்பாலும் குறைவு. முழங்கால் மடங்கியிருக்கிற பிள்ளைக்குப் பக்கவாட்டிலும் ஒன்று எடுத்தால் எலும்பின் நீளம் சரியாகக் கிடைத்துவிடும். அடுத்த முறை எடுக்கும்போது "ஸ்கேனோகிராம் மட்டும், துண்டு துண்டாக ஸ்கேன் வேண்டாம்" என்பதைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முழு சிடி போலக் குறுக்குவெட்டுத் துண்டுகளாக எடுத்தால் கதிர்வீச்சு பல மடங்கு, நீளம் அளக்க அது தேவையே இல்லை. ஆகவே உங்கள் மூன்று எண்களில் எலும்பின் நீளத்துக்கு நான் நம்புவது 1.9. அதிலும் ஒரே படத்தை இரண்டு பேர் அளந்தால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் முன்பின் வரும். தொடை எலும்பின் உருண்டைத் தலையின் உச்சியிலிருந்து கணுக்கால் மூட்டின் நடு வரை அளப்பது வழக்கம். ஒருவர் உச்சியில் தொடங்கினாரா, கொஞ்சம் கீழே தொடங்கினாரா என்பதிலேயே அந்த வித்தியாசம் வந்துவிடும்.

சிடியின் குறை, பிள்ளை படுத்திருக்கிறாள் என்பது. நிற்கும்போது எடை ஏறினால் இடுப்பு எப்படிச் சாய்கிறது, முழங்கால் உள்ளே போகிறதா வெளியே போகிறதா என்பது அதில் சரியாகத் தெரியாது. பாதத்தின் உயரமும் கணக்கில் வராது. வளைபாதத்துக்குச் சின்ன வயதில் சிகிச்சை எடுத்த ஒருவருக்கு எலும்பு நீளத்தில் ஒரு சென்டிமீட்டர்தான் குறை, ஆனால் நிற்கும்போது இரண்டரை சென்டிமீட்டர் கட்டை வைத்தால்தான் இடுப்பு மட்டமானது. மீதி முழுவதும் கணுக்காலுக்குக் கீழே. அதனால் பழைய கட்டை முறையை நான் இன்றும் மதிக்கிறேன். அரை சென்டிமீட்டர் கனமுள்ள பலகைத் துண்டுகளைக் குட்டைக் காலுக்கு அடியில் ஒவ்வொன்றாக அடுக்கி, பின்னால் உட்கார்ந்து இரண்டு கையையும் இடுப்பெலும்பின் மேல் வைத்து, கொத்தனார் ரசமட்டம் பார்ப்பது போல மட்டம் பார்ப்பது. அந்தக் கட்டையோடேயே நிற்கவைத்து முழுக்கால் எக்ஸ்ரே ஒன்று எடுத்தால் நீளம், சாய்வு, கோணம் மூன்றும் ஒரே படத்தில் வரும். தொடைத் தலையின் நடுவிலிருந்து கணுக்காலின் நடுவுக்கு ஒரு கோடு இழுத்தால் அது முழங்காலின் நடுவை ஒட்டிப் போக வேண்டும். ஒதுங்கிப் போனால் கால் வளைகிறது என்று அர்த்தம்.

ஈஓஎஸ் என்று ஒரு கருவியைப் பற்றி யாரோ சொன்னதாக எழுதியிருந்தீர்கள். நின்றபடியே, மிகக் குறைந்த கதிர்வீச்சில், முன்னிருந்தும் பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் எடுப்பது. 1992இல் இயற்பியல் நோபல் வாங்கிய ஜார்ஜ் ஷார்பாக்கின் கதிர் உணரியிலிருந்து பிறந்த கருவி. நல்ல கருவிதான். ஆனால் உங்கள் தேவைக்கு அதைத் தேடி ஊர் ஊராக அலைய வேண்டியதில்லை.

இப்போது அந்தக் கடைசி வரிக்கு வருகிறேன். பிள்ளைகளின் எலும்பு நடுவில் வளர்வதில்லை, இரண்டு முனைகளிலும் இருக்கிற வளர்ச்சித் தட்டில்தான் வளர்கிறது. தொடை எலும்பின் வளர்ச்சியில் சுமார் 70 சதவீதம் முட்டிப் பக்கத் தட்டில் நடக்கிறது. உங்கள் பிள்ளைக்கு முறிந்ததும் முட்டிக்குப் பக்கத்தில். அந்தத் தட்டு அடிபட்டிருந்தால், அல்லது அதன் குறுக்கே ஓர் எலும்புப் பாலம் விழுந்திருந்தால், வலது கால் வளர இடது கால் நின்றுபோகும். அப்போது 1.9 என்பது இன்றைய கணக்கு மட்டுமே. இதற்கு எதிரான வாய்ப்பும் இருக்கிறது. முறிந்த எலும்பு ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கூடியிருந்தால் குறைவு அன்றே வந்து நின்றிருக்கும், இனிக் கூடாது. இரண்டில் எது என்பதை ஒரே மாதத்தில் எடுத்த மூன்று அளவுகளும் சொல்லாது. ஒரு வருஷமாகத்தான் விந்துகிறாள் என்று நீங்கள் எழுதியிருப்பது எனக்குக் கவலை தருகிறது, ஏனென்றால் அது கூடிக்கொண்டே போகிற குறைவின் நடத்தை. உறுதி என்று சொல்லமாட்டேன்.

கைக்கணக்கு ஒன்று உண்டு. முட்டிக்கு மேலுள்ள தட்டு வருஷத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர், முட்டிக்குக் கீழுள்ளது 6 மில்லிமீட்டர் வளர்க்கும். பெண்பிள்ளைகளுக்கு 14 வயதிலும் பையன்களுக்கு 16 வயதிலும் கால் வளர்ச்சி நிற்கும். உங்கள் பிள்ளைக்கு இன்னும் மூன்று வருஷம். அந்தத் தட்டு முழுக்க நின்றுபோயிருந்தால் வித்தியாசம் 5 சென்டிமீட்டர் பக்கம் போகலாம். ஆனால் முறிந்த நாளிலிருந்தே முழுக்க நின்றிருந்தால் இந்த மூன்று வருஷத்தில் ஏற்கெனவே 3 சென்டிமீட்டர் வந்திருக்க வேண்டும், வரவில்லை. ஒன்று, தட்டு பாதி வேலை செய்கிறது. அல்லது தாமதமாக நின்றிருக்கிறது. இந்தக் கணக்கில் 11 என்பது பிறந்த நாள் வயது. எலும்பின் வயது ஒரு வருஷம் முன்னே பின்னே இருக்கலாம். இடது கை மணிக்கட்டை ஓர் எக்ஸ்ரே எடுத்து, வயதுவாரியாக மாதிரிப் படங்கள் உள்ள அட்லஸ் புத்தகத்தோடு ஒப்பிட்டு அதைப் பார்ப்பார்கள். வயதுக்கு வரும் பருவத்தில் இருக்கிற பிள்ளைக்கு இந்தச் சின்னப் படம் இன்னொரு கால் ஸ்கேனைவிடப் பெரிய உதவி.

கையில் இருக்கிற படங்களிலேயே டாக்டரிடம் ஒன்றைக் காட்டிக் கேளுங்கள். முறிவு போன்ற பெரிய அடிக்குப் பிறகு எலும்பு கொஞ்ச நாள் வளராமல் நின்று, மறுபடி வளரத் தொடங்கும்போது தட்டுக்குப் பக்கத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று விழும். அந்தக் கோடு தட்டுக்கு இணையாக, தட்டை விட்டு விலகிப் போயிருந்தால் தட்டு நன்றாக வளர்கிறது. ஒரு பக்கம் விலகி, மறு பக்கம் தட்டையே தொட்டுக்கொண்டு சாய்ந்திருந்தால் அந்த இடத்தில் வளர்ச்சி தடைபட்டிருக்கிறது. சந்தேகம் வந்தால் முழங்காலுக்கு எம்ஆர்ஐ எடுத்து எலும்புப் பாலம் எவ்வளவு பெரிது என்று பார்ப்பார்கள், அதில் கதிர்வீச்சு கிடையாது. இனி ஒரு ஸ்கேன் எடுப்பதென்றால் அது இதுவாகத்தான் இருக்க வேண்டும், நீளத்தை இன்னொரு முறை அளப்பதாக இருக்கக் கூடாது.

சிகிச்சையைப் பற்றி நான் கேட்டுத் தெரிந்ததை மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன். வளர்ச்சி முடியும்போது இரண்டு சென்டிமீட்டருக்குள் நிற்கும் என்றால் பெரும்பாலும் செருப்பில் உயரம் வைத்தே சமாளிப்பார்கள். அதற்கு மேல் என்றால் நல்ல காலின் தட்டைச் சரியான நேரத்தில் நிறுத்தி இரண்டையும் சமமாக்கும் சின்ன ஆபரேஷன் உண்டு. ஐந்துக்கு மேல் போனால்தான் காலைச் சுற்றி வெளியே மாட்டுகிற இலிசரோவ் வளையம் மாதிரி எலும்பை நீட்டும் வழிகள், நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் மாதக்கணக்கில். நடுவில் உள்ள அந்தச் சின்ன ஆபரேஷனுக்கு வளர்ச்சி மீதி இருக்க வேண்டும். நேரம் தவறினால் அந்த வாசல் அடைத்துவிடும். உங்களை நான் அவசரப்படுத்துவது இதனால்தான்.

அதுவரை செருப்புக்கு ஒரு வார்த்தை. நம் வீடுகளில் பிள்ளைகள் செருப்பில்லாமல்தான் நடமாடுகிறார்கள். பள்ளி ஷூவில் மட்டும் உயரம் வைத்தால் பாதி நாள் இடுப்பு சாய்ந்தே இருக்கும். வீட்டுக்குள் போட எம்சிஆர் என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பு ஒரு ஜோடி வாங்கி, இடது பக்கம் டாக்டர் சொல்கிற அளவுக்கு அடி வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். வித்தியாசம் முழுவதையும் ஒரேயடியாக ஈடுகட்ட வேண்டாம், கொஞ்சம் குறைவாகவே தொடங்குவார்கள். பாட்டி சொல்கிற மாதிரி எண்ணெய் போட்டு நீவுவதில் பிள்ளைக்குச் சுகம் கிடைக்கலாம், நீளம் கிடைக்காது. யாராவது இழுத்துக் கட்டுகிறேன் என்றால் மட்டும் சம்மதிக்காதீர்கள். ஏற்கெனவே அடிபட்ட தட்டு அது.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் ஒன்று. முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றுகிற அக்காமார்கள் முதுகுவலிக்குப் படம் எடுக்க வரும்போது ரிப்போர்ட்டில் "கால் நீளத்தில் 6 மில்லிமீட்டர் வித்தியாசம்" என்று பார்த்துப் பயந்துவிடுவார்கள். சில மில்லிமீட்டர் வித்தியாசம் நம்மில் பெரும்பாலானவர்களுக்கு உண்டு. நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்திருப்பதைக் கேட்காமல் அந்த 6 மில்லிமீட்டர் மேல் பழி போடக் கூடாது.

நீங்கள் அடுத்துச் செய்ய வேண்டியது, குழந்தைகள் எலும்பு பார்க்கிற டாக்டர் ஒருவரிடம் போவது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி எலும்புப் பிரிவில் காட்டினால் யாரிடம் போக வேண்டும் என்று வழி சொல்வார்கள். ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது. எட்டு வயதில் முறிந்தபோது எடுத்த முதல் படம் கிடைத்தால் அதுதான் பெரிய பொக்கிஷம், தட்டு அடிபட்டதா என்று அதில் தெரியும். சிடி ஸ்கேன் எடுத்த இடத்தில் படங்கள் பதிந்த டிஸ்கையோ பென் டிரைவையோ கேட்டு வாங்குங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி அளக்கச் சொன்னால் அதே இடத்தில், அதே முறையில் எடுங்கள், முடிந்தால் அதே ஆளையே அளக்கச் சொல்லுங்கள். அப்போது 1.9 என்பது 2.4 ஆகியிருந்தால் அதை நம்பலாம், 2.0 என்றால் மாறவில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம். முழுப் பரீட்சை லீவில் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் இந்த முதல் காட்டலைத் தள்ளிப் போடாதீர்கள். பள்ளிக்கு ஒருநாள் லீவு சொல்லிவிட்டு இந்த மாதமே போய்வாருங்கள்.